கான்டன் கடன் விவகாரம்

18ஆம் நூற்றாண்டில் மதராஸ் வெள்ளைக்கார வணிகர்கள் சீனாவின் கான்டன் நகரில் வெளிநாட்டாரோடு வணிகம் செய்ய உரிமம் பெற்ற ஹாங் வணிகர்களுக்குக் கொடுத்த கடன்கள் பற்றியது இது. அங்கே வட்டி 18 முதல் 20 சதவீதம். மதராஸில் அவ்வளவு கிடைக்காது. வெளிநாட்டாரிடம் கடன் வாங்கச் சீன அரசு தடைவிதித்திருந்தும் பணம் பாய்ந்தது, வட்டி குட்டி போட்டது. 1779இல் பிரிட்டிஷ் கடற்படையின் கேப்டன் பேன்டன் போர்க்கப்பலில் கான்டனுக்குப் போய், பாக்கியைத் தீர்க்கக் கோரும் கடிதத்தைச் சீன அதிகாரிகளிடம் கொடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலைதானே இது என்று கேட்கலாம். ஆனால் கான்டனிலிருந்த கம்பெனி அதிகாரிகளோ தேயிலை வணிகம் கெடுமென்று அஞ்சினர். கடற்படையை அங்கே இழுத்துச் சென்றது தனியார் பாக்கிதான். சீனப் பேரரசர் சியான்லோங் பத்தாண்டுத் தவணையில் கடனைத் தீர்க்க உத்தரவிட்டு, கடனாளிகள் இருவரைத் தொலைதூர எல்லைப் பகுதியான இலிக்கு நாடுகடத்தினார். மதராஸ் வணிகர் ஜார்ஜ் ஸ்மித் பின்னர் சீனாவுக்குத் தூதரை அனுப்பும்படி பிரிட்டிஷ் அமைச்சர் டன்டாஸுக்கு எழுதினார். 1793இல் தூதராகப் பீக்கிங் சென்ற மெக்கார்ட்னி, மதராஸின் முன்னாள் ஆளுநர்.