நெரிசல் எங்கே தொடங்குகிறது? தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வழியாக ஒரு ரயில் வரலாறு

மும்பைப் புறநகர் ரயில்வேயின் அலுவல் மொழியில் 'சூப்பர் டென்ஸ் கிரஷ் லோடு' என்றொரு சொற்றொடர் உண்டு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் 14 முதல் 16 பேர் வரை நிற்கும் நிலைக்கு அப்பெயர். ஏறத்தாழ 1,700 பேரை ஏற்றிச் செல்ல வேண்டிய ஒன்பது பெட்டி வண்டியில் காலை, மாலை நேரங்களில் 4,500 பேருக்கும் மேல் ஏறியதால், பிற நகரங்களில் வழங்கிய 'கிரஷ் லோடு' என்ற சொல் மும்பைக்குப் போதாமற் போயிற்று. துன்பத்தைக் குறைக்க இயலாத நிர்வாகம் அதற்கு ஓர் அளவுப் பெயரைச் சூட்டிக்கொண்டது.

நெரிசலுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. மக்கள்தொகை பெருகிவிட்டது என்பது ஒன்று. வண்டிகள் போதவில்லை என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயினும் ஒருவர் ரயிலில் ஏறுவதற்கு முன்பே அவருடைய வீடும் வேலையும் வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்டுவிடுகின்றன. அவற்றைப் பிரித்து வைத்தவர் யார், எப்போது, எதற்காக என்று கேட்டால்தான் நெரிசலின் வரலாறு முழுமையாக விளங்கும். தமிழர் பெருமளவில் வாழும் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய மூன்றும் அவ்வரலாற்றின் மூன்று பக்கங்கள்.

1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் ஓடிய முதல் பயணிகள் வண்டியில் 14 பெட்டிகளும் 400 விருந்தினரும் இருந்தனர். 1867-ல் விராரிலிருந்து பம்பாய்க்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு வண்டி வந்து திரும்பியது. துறைமுகம், கோட்டைப் பகுதி அலுவலகங்கள் ஆகியவை தென்முனையில் இருந்தன. நகரம் கடலால் சூழப்பட்ட ஒடுங்கிய நிலத்துண்டு. ஆகவே வளர்ச்சி வடக்கு நோக்கியே செல்ல இயலும். காலையில் அனைவரும் தெற்கே, மாலையில் அனைவரும் வடக்கே என்ற இன்றைய ஒழுங்கிற்கு அன்றே வித்திடப்பட்டது.

எனினும், 19ஆம் நூற்றாண்டின் உழைப்பாளிகளிற் பெரும்பாலோர் ரயிலில் வேலைக்குச் செல்லவில்லை. ஆலைத் தொழிலாளர் ஆலைகளைச் சுற்றியிருந்த சால்களில் குடியிருந்தனர். சங்கு ஒலித்ததும் நடந்து சென்றனர். 1896-ல் பரவிய பிளேக் நோய் இந்த நிலையை அசைத்தது. 1898-ல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட், சுகாதாரக் கேட்டைக் காரணம் காட்டி நெருக்கமான குடியிருப்புகளை இடித்தது. இடித்த அளவுக்கு ஏழைகளுக்கு மாற்று வீடுகள் எழவில்லை. அதே டிரஸ்ட் வடக்கே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் அகன்ற தெருக்களோடு புதிய குடியிருப்புகளைத் திட்டமிட்டது.

மாட்டுங்கா அவ்வாறு உருவான ஊர். ரயில் நிலையத்தை நம்பியே வரையப்பட்ட குடியிருப்பு அது. ஆங்கிலம் கற்று, தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பயின்று, கோட்டைப் பகுதி அலுவலகங்களில் பணியேற்ற தென்னிந்திய நடுத்தரக் குடும்பங்கள் இங்கே குடியேறின. 1932-ல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் இக்குடியேற்றத்தின் விளைவு. 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது; 1928-ல் மேற்குத் தடத்திலும் மின்வண்டி வந்தது. கடற்கரை-தாம்பரம் மின்வண்டியைச் சென்னை 1931-ல்தான் கண்டது. மாட்டுங்காவாசிக்கு ரயில் அன்று ஒரு வசதி. தொலைவை அவர் தம் வருமானத்தைக் கொண்டு தாமே தேர்ந்துகொண்டார்.

மாட்டுங்காவுக்கு அருகிலேயே உள்ள தாராவியின் கதை இதற்கு நேர்மாறானது. மத்திய ரயில்வேயின் சயானுக்கும் மேற்கு ரயில்வேயின் மாஹிமுக்கும் இடைப்பட்ட சதுப்பு நிலம் அது. நகரம் தன் எல்லைக்குள் வைத்துக்கொள்ள விரும்பாத தோல் பதனிடும் தொழில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்து சேர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழர் அத்தொழிலுக்காக வந்தனர். குயவர், தையற்காரர், பலகாரம் செய்வோர் எனப் பலரும் பின்தொடர்ந்தனர். தாராவியில் கீழே பட்டறை, மேலே குடியிருப்பு. அல்லது பகலில் பட்டறை, இரவில் அதுவே படுக்கை. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் நடந்தே செல்வர். கழிவறையும் குடிநீரும் காற்றோட்டமும் போதாத இடம் அது என்பதை மறுக்க இயலாது. ஆனால் இருபுறமும் ரயில் தடங்கள் ஓடும் தாராவியில், பிழைப்புக்கு ரயில் தேவைப்படாத மக்கள் பெருந்தொகையினர். நகரத்தின் நெரிசல் கணக்கில் இது எவரும் வரவு வைக்காத சேமிப்பு.

செம்பூரின் வரலாறு ஒரு குப்பை வண்டியோடு தொடங்குகிறது. குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906-ல் போடப்பட்ட ஒற்றைத் தடம் நகரத்தின் கழிவுகளைக் கொண்டு சென்று கொட்டுவதற்கானது. 1924-ல்தான் அது பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. 1927 முதல் தேவ்னார் நகரத்தின் குப்பைமேடாயிற்று. விடுதலைக்குப் பின் சிந்தி அகதிகளும், டிராம்பே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் அணு ஆராய்ச்சி நிலையத்திலும் பணியேற்றவர்களும் செம்பூருக்கு வந்தனர். மாட்டுங்காவில் இடம் போதாத தமிழ்க் குடும்பங்களும் இங்கே பரவின. 1992-ல் தடம் கழிமுகத்தைக் கடந்து வாஷியை எட்டியபின், முன்பு கடைக்கோடி நிலையங்களுள் ஒன்றாயிருந்த செம்பூர் இடைநிலையமாயிற்று. வண்டி அங்கு வரும்போதே நிறைந்திருந்தது.

செம்பூருக்கு அப்பால், அணு ஆராய்ச்சி நிலையத்தின் அருகே ஜனதா காலனி என்ற பெரிய குடியிருப்பு இருந்தது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழரான ஜோக்கின் அற்புதம் அங்கே வாழ்ந்து, வெளியேற்றத்திற்கு எதிராகப் பல ஆண்டுகள் மக்களைத் திரட்டினார். நெருக்கடி நிலைக் காலமான 1976-ல் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டு, மக்கள் சீதா கேம்ப் பகுதிக்கு அகற்றப்பட்டனர். அவர் நிறுவிய தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பு பிற்காலத்தில் ரயில் வரலாற்றிலேயே இடம்பெற நேர்ந்தது.

அதற்கு முன் நகரின் உழைப்பு வரைபடம் மாறியது. 1982 ஜனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 2.5 லட்சம் தொழிலாளர் பங்கேற்றனர். அதன்பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவற்றின் நிலங்களில் அலுவலகக் கோபுரங்களும் வணிக வளாகங்களும் எழுந்தன. நடந்து வேலைக்குச் சென்ற குடும்பங்களின் அடுத்த தலைமுறை டோம்பிவிலி, கல்யாண், விரார் என விலகிச் சென்று, அதே பரேலுக்கு ரயிலில் வந்திறங்கியது. ஆலைகளுக்காக அமைந்த குறுகிய நிலையங்கள் இக்கூட்டத்தைத் தாங்கவில்லை. 2017 செப்டம்பர் 29 அன்று எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைமேம்பாலத்தில் 23 பேர் நெரிபட்டு இறந்ததற்கு இந்த இடமாற்றமும் ஒரு பின்னணி.

நெரிசலைக் குறைக்க முயற்சியே நடைபெறவில்லை எனக் கூறுவது நியாயமன்று. நான்கு பெட்டிகளோடு தொடங்கிய மின்வண்டி ஒன்பதாகவும் பன்னிரண்டாகவும், சில தடங்களில் பதினைந்தாகவும் நீண்டது. 1999-ல் மும்பை ரயில்வே விகாஸ் கார்ப்பரேஷன் அமைந்தது. 2002-ல் உலக வங்கிக் கடனுடன் மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டம் தொடங்கியது. புதிய தடங்கள் அமைக்கவும், வண்டிகள் தடையின்றி விரையவும் தண்டவாள ஓரக் குடிசைகளை அகற்ற வேண்டியிருந்தது. ஜோக்கின் அற்புதத்தின் கூட்டமைப்பும் அதன் தோழமை அமைப்புகளும் முன்னின்று மக்களைக் கணக்கெடுத்தன. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாற்று வீடுகளுக்குச் சென்றனர். புல்டோசர் மட்டுமே அறிந்த நகரத்தில் இது முன்னேற்றமே. ஆனால் அவ்வீடுகளிற் பல மான்கூர்ட், கோவண்டி, வாஷி நாக்கா பகுதிகளில் அமைந்தன. இடமாற்றத்தால் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டதை உலக வங்கியின் ஆய்வுக் குழு 2005-ல் சுட்டிக்காட்டியது. ரயில் விரைவதற்காக அகற்றப்பட்டவர்கள், பழைய வேலையைக் காக்க அதே ரயிலில் ஏற வேண்டியவர்களாயினர்.

தடங்களின் கொள்ளளவு ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது. மூன்று நான்கு நிமிடங்களுக்கு ஒரு வண்டி என்ற இடைவெளியை எளிதிற் குறைக்க இயலாது. குர்லாவுக்கும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸுக்கும் இடையே தொலைதூர வண்டிகளும் லோக்கல் வண்டிகளும் நான்கு தடங்களையே பகிர்ந்துகொள்கின்றன. இதற்கென 2008-ல் ஏற்கப்பட்ட ஐந்தாம், ஆறாம் தடங்களுக்காகச் சயான் மேம்பாலம் 2024 ஆகஸ்டில்தான் மூடப்பட்டது. 2017 டிசம்பரில் வந்த குளிர்சாதன வண்டியின் தானியங்கிக் கதவுகள் உயிர்காப்பவை. எனினும் புதிய இடைவெளி இல்லாத தடத்தில் ஒரு குளிர்சாதன வண்டி ஓட, ஒரு சாதாரண வண்டி விலக வேண்டும். 2022 ஆகஸ்டில் கல்வாவிலும் பத்லாப்பூரிலும் பயணிகள் கிளர்ந்தது இதனால்தான். 1917-ல் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் சென்ற காந்தி, 22 பேருக்குரிய பெட்டியில் ஓர் இரவின் பெரும்பகுதியில் 35 பேர் வரை இருந்ததைப் பதிவு செய்தார். குறைந்த கட்டணம் செலுத்துவோரிடமே நெரிசல் ஒதுக்கப்படுவது பழைய வழக்கம்.

அதன் விலை உயிர். மும்பைப் புறநகர் ரயில் தடங்களில் 2023-ல் மட்டும் 2,590 பேர் இறந்தனர். நாளொன்றுக்கு ஏழு பேர். 2024-ல் இது தொடர்பான பொதுநல வழக்கை விசாரித்த பம்பாய் உயர் நீதிமன்றம், மக்கள் ஏற்றிச் செல்லப்படும் விதம் வெட்கத்துக்குரியது எனக் கண்டித்தது. 2025 ஜூன் 9 அன்று திவா, மும்ப்ரா நிலையங்களுக்கு இடையே எதிரெதிராகச் சென்ற இரு வண்டிகளின் படிகளில் தொங்கியவர்கள் உரசிக் கீழே விழுந்தனர், உயிர்கள் பறிபோயின. வண்டியிலிருந்து தவறி விழுவோர்க்குச் சட்டத்தில் இழப்பீடு உண்டு. 2008-ல் உச்ச நீதிமன்றம் அவ்விதியை மக்களுக்குச் சாதகமாகப் பொருள் கொள்ள வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஆனால் இறப்போரிற் பெரும்பகுதியினர் தடத்தைக் கடக்கும்போது அடிபடுவோர். அவர்களுக்குச் சட்டம் தரும் பெயர் 'அத்துமீறி நுழைந்தவர்'. அப்பெயர் வந்ததும் இழப்பீட்டுக் கேள்வி மறைகிறது. நடைமேம்பாலம் ஏன் அருகில் இல்லை என்ற கேள்வியும் அதனோடு மறைகிறது.

இன்று தாராவி மறுகட்டுமானத்தில் மற்றொரு சொல் அத்தகைய ஆற்றலைப் பெற்றிருக்கிறது: 'தகுதியற்றவர்'. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதைச் சான்றுகளால் நிறுவுவோர்க்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. அதன்பின் வந்தோர்க்கும் மேல்தளங்களில் வாழ்வோர்க்கும் தாராவிக்கு வெளியேதான் இடம். அதற்கென ஒதுக்கப்பட்ட நிலங்களில் முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் உப்பளங்கள் உள்ளன. தேவ்னார்க் குப்பைமேட்டின் ஒரு பகுதியும் உள்ளது. நூறாண்டுகளுக்கு முன் குப்பை வண்டி சென்ற திசையிலேயே இப்போது மனிதர் செல்லவிருக்கின்றனர்.

புதிய வீடு பழைய குடிசையினும் நன்றாயிருக்கலாம். தனிக் கழிவறை எளிய பேறன்று. எனினும் ஒரு கணக்கு விடுபடுகிறது. தாராவித் தமிழர் பலர் விடியுமுன் இட்லி அவித்து, பாத்திரங்களைத் தலையிலும் சைக்கிளிலும் சுமந்து அருகிலுள்ள தெருக்களில் விற்று வருகின்றனர். மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கும் அவ்வியாபாரி முலுண்டுக்குச் சென்றால், சாம்பார்ப் பாத்திரத்தோடு லக்கேஜ் பெட்டியில் முண்டியடிக்க வேண்டும். இல்லையேல் வாடிக்கையாளரை இழக்க வேண்டும். பட்டறைத் தொழிலாளிக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் இதே நிலைதான்.

பிளேக் காலத்து இடிப்பு, ஜனதா காலனி, ஆலை நிலங்கள், தண்டவாள ஓரக் குடிசைகள் என ஒவ்வொரு முறையும் வீட்டின் பரப்பளவு கணக்கிடப்பட்டது. வீட்டிலிருந்து வேலைக்கு உள்ள தொலைவு கணக்கிடப்படவில்லை. அத்தொலைவைச் சுமக்கும் பொறுப்பு ரயிலிடம் விடப்பட்டது. தாராவியில் குடும்பங்களைக் கணக்கெடுப்போர், எந்த ஆண்டில் வந்தீர் என்று கேட்பதோடு, எங்கே வேலை செய்கிறீர், எப்படிச் செல்கிறீர் என்ற கேள்விகளையும் படிவத்தில் சேர்க்க வேண்டும். நடந்து செல்வோரை நடந்தே செல்லும் தொலைவில் குடியமர்த்துவது வீட்டுவசதிக் கொள்கை மட்டுமன்று. மும்பை ரயில்வேக்குச் செய்யத்தக்க செலவு குறைந்த உதவியும் அதுவே.