உயில்

தமக்குப் பின் சொத்து யாருக்கு என்று ஒருவர் எழுதிவைக்கும் பத்திரம். ஆங்கில 'வில்' தமிழில் இப்படியானது. உயிருக்கும் இதற்கும் உறவில்லை. மரண சாசனம் என்றும் சொல்வதுண்டு.

எழுதியவர் போனபின் அதை நடத்திவைப்பவர் நிறைவேற்றுநர், பேச்சில் எக்சிகியூட்டர். சொத்து அவர் கைக்கு வரும், அவருடையதாகாது. வாரிசின் கவலை தொடங்குவதே அங்குதான்.

காஞ்சிபுரத்தில் இதைச் சொல்லப் பச்சையப்ப முதலியார் போதும். ஏகாம்பரநாதர் கோயில் உள்ளிட்ட தருமங்களுக்கு உயில் எழுதிவைத்து 1794-இல் மறைந்தார். பணமோ பல்லாண்டுகள் வழக்கில் முடங்கிக் கிடந்தது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முனைந்த பிறகே, 1842-இல், சென்னையில் அது பள்ளிக்கூடமாயிற்று. அரை நூற்றாண்டு! எண்ணும்போது இன்றும் மனம் பதைக்கிறது.

இன்று வாரிசு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 317-ஆம் பிரிவுப்படி, புரோபேட் (உயில் மெய்யென்று நீதிமன்றம் தரும் சான்று) கிடைத்த 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் நிறைவேற்றுநர் தாக்கல் செய்ய வேண்டும். நெசவாளர் வீடென்றால் தறி, கட்டிய பாவு, பெட்டியிலிருக்கும் ஜரிகை, சங்கத்துப் பங்குத்தொகை, வரவேண்டிய கூலி எல்லாம் பட்டியலில் ஏற வேண்டும். விட்டுப்போனதைத் தயங்காமல் கேளுங்கள். சொந்தச் சித்தப்பாவே ஆனாலும் கேளுங்கள். 301-ஆம் பிரிவின்படி அவரை நீக்கக் கோரி உயர் நீதிமன்றம் போகலாம். சொத்தைத் தவறாகச் செலவிட்டால் மட்டுமல்ல, வரவேண்டிய கடனை வசூலிக்காமல் விட்டு நட்டம் வந்தாலும் அவரே ஈடுகட்ட வேண்டும்.