‘நைஸ்’: ஒரு சொல்லின் 700 ஆண்டுகள்

வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூன் 18 அன்று. மறுநாள் பிரஸ்ஸல்ஸ் நகரில், அப்போரில் வென்ற தளபதி வெலிங்டன் பிரபுவைச் சந்தித்த தாமஸ் க்ரீவி என்ற ஆங்கிலேய அரசியல்வாதி, அவர் சொன்னவற்றைத் தம் குறிப்புகளில் எழுதிவைத்தார். பல்லாயிரம் பேர் மாண்ட அந்தப் போரை வெலிங்டன் ‘நைஸ்’ என்ற சொல்லால் குறிப்பிட்டார். இன்று படிப்பவருக்கு இது ஈரமற்றவரின் பேச்சாகப் படும். ஆனால் அதே உரையாடலில்தான் தாமும் பிரஷ்யத் தளபதி ப்ளூஷரும் 30,000 வீரர்களை இழந்துவிட்டதாக அவர் கூறினார். அவரிடம் வெற்றிக் களிப்பின் சாயல்கூட இல்லை என்றும் க்ரீவி பதிவு செய்கிறார். வெலிங்டன் சொல்ல வந்தது வேறு: வெற்றியும் தோல்வியும் மயிரிழையில் நின்றன, எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கலாம். ‘நைஸ்’ என்ற சொல்லுக்கு அந்தப் பொருள் அப்போது உயிரோடு இருந்தது.

இச்சொல்லின் மூலம் லத்தீன் மொழியின் ‘நெஸ்கியுஸ்’. ‘அறியாதவன்’ என்பது அதன் பொருள். ‘நெ’ என்பது எதிர்மறை. ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். அறிவியலைக் குறிக்கும் ‘சயின்ஸ்’ என்ற சொல் பிறந்ததும் அதே ‘ஸ்கீரே’யிலிருந்துதான். லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சுக்குப் போனபோது அது அசடு, பேதை என்ற வசவாயிற்று. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் வெள்ளமாகப் புகுந்தன. 1300ஐ ஒட்டிய காலத்து ஆங்கில நூல்களில் ‘நைஸ்’ முட்டாளைக் குறிக்கிறது. அன்று ஒருவரை அப்படி அழைத்தால் சண்டைதான் வந்திருக்கும்.

முட்டாள்தனத்திலிருந்து இனிமைக்கு இச்சொல் ஒரே தாவலில் வரவில்லை. அசட்டுத்தனத்தின் ஒரு முகம் அற்ப விஷயத்துக்கெல்லாம் அலட்டிக்கொள்வது. அலட்டிக்கொள்பவர் தொட்டதற்கெல்லாம் குறை காண்பார். உணவிலும் உடையிலும் மிகையான கண்டிப்பு காட்டுவார். அந்தக் கண்டிப்பும் நுணுக்கமும் மெல்ல மெல்ல ஒரு நற்குணமாக மதிக்கப்பட்டன. நுணுக்கமாகப் பார்ப்பவரைக் குறித்த சொல், பார்க்கப்படும் நுட்பமான பொருளையும் குறிக்கத் தொடங்கியது.

இந்த நகர்வின் நடுவில் எழுதியவர்களைப் படிப்பது எளிதல்ல. 1400இல் மறைந்த சாசர், ‘கேன்டர்பரி கதைகள்’ முன்னுரையில் ஒரு கப்பலோட்டியை அறிமுகம் செய்கிறார். அவன் ‘நைஸ்’ மனசாட்சியைப் பொருட்படுத்தாதவன். நுணுகிப் பார்க்கும் மனசாட்சி என்று பதிப்பாசிரியர்கள் உரை எழுதுவது வழக்கம். மனசாட்சியெல்லாம் அசட்டுத்தனம் என்பது அந்த முரடனின் நினைப்பு என்று கொண்டாலும் இடம் பொருந்தவே செய்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ நாடகத்தில் ரோமியோவுக்குப் போய்ச் சேராத கடிதம் ‘நைஸ்’ ஆனதல்ல என்று பாதிரியார் பதறுகிறார். அற்பமானதல்ல, உயிர்போகும் காரியம் என்பதே அங்கே பொருள். இன்றைய பொருளை வைத்து அந்தக் காட்சியைப் படித்தால் நாடகத்தின் முடிச்சே கைநழுவிவிடும்.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் நுட்பம் என்ற பொருள் மேலோங்கியது. நுண்ணிய வேறுபாடு, கூர்ந்த செவி, துல்லியமான கணிப்பு எல்லாவற்றுக்கும் இதுவே அடைமொழி. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியும் தீர்ப்பில் காட்டும் நுணுக்கத்துக்கே முதலிடம் தந்தது. ஆங்கிலச் சட்ட எழுத்தில் நுட்பமான சட்டப் பிரச்சினையை இன்றும் அப்படிச் சொல்வது அந்தக் காலத்தின் எச்சம்.

ஆனால் ஜான்சன் அகராதி தொகுத்த நூற்றாண்டிலேயே பேச்சுவழக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. நல்ல நடை, நல்ல பெண், நல்ல புத்தகம் என மனதுக்குப் பிடித்ததெல்லாம் ‘நைஸ்’ ஆயிற்று. இந்த மாற்றத்துக்குக் கிடைத்த ஆகச் சிறந்த சாட்சி ஜேன் ஆஸ்டின். அவர் 1817 ஜூலையில் இறந்த பிறகு, அவ்வாண்டு டிசம்பரில் வெளியானது ‘நார்தேங்கர் அபே’. பாத் நகரத்துக் குன்றொன்றை நோக்கி நடக்கும்போது, ஆன் ராட்கிளிஃப் 1794இல் எழுதிய ‘உடால்ஃபோ’ நாவலைக் கதாநாயகி கேதரின் இச்சொல்லால் புகழ்கிறாள். உடன் நடக்கும் ஹென்றி டில்னி விடுவதில்லை: நேர்த்தி என்கிறாயா, அது பைண்டிங்கைப் பொறுத்தது என்று சீண்டுகிறான். இச்சொல் ஆதியில் நேர்த்தியையும் நாகரிகத்தையும் மட்டுமே குறித்தது, இப்போது எந்தப் பாராட்டுக்கும் இது ஒன்றே போதும் என்றாகிவிட்டது என்பது அவன் குறை. ஜான்சனின் பெயரைச் சொல்லி அண்ணனிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி கேதரினிடம் சொல்கிறாள் தங்கை எலினார்.

டில்னியின் ரசனை நல்லது. அவன் சொன்ன வரலாறு தவறு. அவன் ஆதி என்று நினைத்தது இடைக்காலத்துப் பொருள். அதற்கும் அடியில் பேதைமை கிடந்தது. சொல்லின் தூய்மைக்காக வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் தாத்தா காலத்து வழக்கைத்தான் தூய்மை என்று எண்ணுகிறார்கள். 1926இல் ஆங்கில நடைக்கு வழிகாட்டி எழுதிய ஃபவுலர், பெண்கள் விரும்பிப் பயன்படுத்தியே இச்சொல்லின் தனித்தன்மை போய்விட்டது என்று பழிபோட்டார். அது நியாயமற்ற பழி. ஷேக்ஸ்பியர் காலத்து மேற்கோள்கள் பலவற்றிலேயே இச்சொல் எந்தப் பொருளில் வந்தது என்று வரையறுக்க முடியாமல் பிற்கால அகராதிக்காரர்கள் திணறியிருக்கிறார்கள்.

பேதைமையிலிருந்து பாராட்டுக்கு ‘நைஸ்’ கண்ட இத்தகைய ஏற்றத்தைத் தமிழ் மொழியியலார் உயர்பொருட்பேறு என்பர். கள்ளுண்ட மயக்கத்தைக் குறித்த ‘களிப்பு’ மகிழ்ச்சியாக உயர்ந்ததும் இவ்வகையே. எதிர்த்திசையில் போனது ஆங்கிலத்தின் ‘சில்லி’: பழைய ஆங்கிலத்தில் பேறு பெற்றவரைக் குறித்தது, இன்று அசடரைக் குறிக்கிறது.

தமிழ்நாட்டில் ‘நைஸ்’ இரட்டை வாழ்வு வாழ்கிறது. கல்லூரி மாணவர் வாயில் அது ‘நன்று’. அடுப்படியிலோ மாவை ‘நைசாக அரை’ என்கிறார்கள்; கொரகொரப்பு இல்லாமல், மிக நுண்ணியதாக என்று பொருள். ஆங்கிலத்தில் பெரிதும் ஒதுங்கிவிட்ட நுண்மைப் பொருளுக்கு மிக அருகில் நிற்பது இதுதான். குழைதலையும் நசுங்குதலையும் குறிக்கும் ‘நைதல்’ இந்த வழக்குக்குத் துணைநின்றிருக்கக்கூடும். ‘நைசாக நழுவினான்’, ‘நைசாகப் பேசிக் கறந்துவிட்டான்’ என்பவற்றில் இன்னொரு நிறம் தெரிகிறது. அங்கே பணிவையும் இதமான பேச்சையும் சுட்டும் ‘நைச்சியம்’ என்ற பழைய சொல்லும் கலந்திருப்பதாகவே தோன்றுகிறது.

இந்த ஊகங்களை உறுதிசெய்ய வழி உண்டு. ஆக்ஸ்போர்டு அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு குறித்த மேற்கோள்களைத் திரட்டித் தந்ததால்தான் ஆங்கிலச் சொல்லின் பாதை நமக்குத் தெரிகிறது. தமிழில் புகுந்த ஆங்கிலச் சொற்களுக்கும் அந்த வேலை நடக்க வேண்டும். பழைய சமையல் நூல்கள், வார இதழ்கள், நாடகப் பிரதிகள் வைத்திருப்பவர்கள் அவற்றைக் கழித்துப் போடாமல் ஆய்வாளர் கையில் சேர்க்க வேண்டும்.