பொறிஞர் சங்கமும் கொதிகலனும்

மாணவ நண்பர்களே, சங்கம் என்றதும் நம் உள்ளம் புலவர் கூடித் தமிழ் ஆய்ந்த மதுரையை நாடும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட சங்கம் வேறு. அங்கே பாட்டு அரங்கேறுவதில்லை. பாலத்தின் வரைபடமும், திருகாணியும், இரும்புத் தகடும் அரங்கேறும். ஆயினும் இரண்டிற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. தாம் செய்ததைப் பலர் முன்னிலையில் வைத்து, குற்றம் இருப்பின் கூறுங்கள் என்று ஒருவர் காத்து நிற்கும் வழக்கமே அது.

நான் பொறியியல் பயின்றுகொண்டிருந்த காலத்தில், எங்கள் பேராசிரியர் ஒருநாள் மாலை என்னையும் என் நண்பர் இருவரையும் பொறிஞர் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக் கூட்டத்துக்கு அழைத்துச் சென்றார். பெரிய மண்டபத்தை எதிர்பார்த்துச் சென்ற எனக்கு ஏமாற்றமே காத்திருந்தது. கடைத்தெருவில் ஒரு மாடி அறை, முப்பது நாற்காலிகள், அவற்றிலும் பாதி காலி. செயலாளர் சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் படித்தார். அடுத்த மாதம் அணைக்கட்டைக் காணச் செல்வோர் பெயர் கொடுக்க வேண்டும் என்றார். எல்லோருக்கும் காப்பி வந்தது. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எண்ணிக்கொண்டேன்.

அதன்பின் ஆலை ஒன்றில் நெடுநாள் பணியாற்றிய பொறிஞர் ஒருவர் எழுந்தார். ஒரு துணிப்பையிலிருந்து உள்ளங்கையளவுள்ள இரும்புத் தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். “இது எங்கள் கொதிகலனிலிருந்து வெட்டி எடுத்தது. இதனை இந்த நிலைக்கு வரவிட்டவன் நான்” என்றார். தகடு கைக்குக் கை மாறி என்னிடமும் வந்தது. ஒரு விளிம்பில் உரிய கனம் இருந்தது. மறு விளிம்போ துரு தின்று பாதியாய்த் தேய்ந்திருந்தது.

இரு தகடுகள் சேரும் பொருத்தில் நீர் சிறிதே கசிந்து, வெண்ணிறமாய் உப்புப் பூத்திருந்ததை அவர் கண்டிருக்கிறார். தீபாவளிக்கு முன் அனுப்ப வேண்டிய சரக்கு மிகுதியாக இருந்தது. உலையை அணைத்தால் ஆலை முழுதும் நின்றுவிடும். ஆகவே, பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். இறுதியில் உலையை அணைத்துச் சுத்தியலால் தட்டிப் பார்த்தபோது, கணீரென்று ஒலிக்க வேண்டிய தகடு மந்தமாய் ஒலித்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் ஏதுமில்லை.

அவர் பேசி முடித்ததும், பின்வரிசையிலிருந்த இளைஞர் ஒருவர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கசிவைக் கண்ட நாளுக்கும் உலையை அணைத்த நாளுக்கும் இடையே எத்தனை நாள், ஐயா?”

முதியவர் சற்றும் தயங்கவில்லை. “பதினொன்று” என்றார். அறையில் ஓசையே இல்லை. செயலாளர் குனிந்து அந்த எண்ணை ஏட்டில் எழுதிக்கொண்டார்.

அந்தக் கேள்வி பின்னர் என்னை விடவேயில்லை. கொதிகலனின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது, ஒரு நாட்டையே நோக்கி அதே கேள்வியைக் கேட்கலாம் என்று கண்டேன். அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் கொதிகலன் ஏன் அஞ்சத்தக்கது என்பதை அறிவோம். உலைப்பானையின் மூடி ஆவியால் தள்ளாடுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்த மூடியை இறுக அடைத்துவிட்டால், உள்ளே அழுத்தம் ஏறும். நீரும் 100 பாகை வெப்பத்தில் கொதித்து நின்றுவிடாமல், அதற்கு மேலும் சூடேறும். அந்நிலையில் பாத்திரம் எங்கேனும் கிழிந்தால், அழுத்தம் திடீரென்று தாழ்கிறது; சூடேறிய நீரில் ஒரு பகுதி அக்கணமே ஆவியாகிப் பொங்குகிறது. திறந்த வெளியில் 1 படி நீர் முற்றும் ஆவியானால், ஏறக்குறைய 1,600 படி இடத்தை அடைத்துக்கொள்ளும். இடம் இல்லாதபோது அது இடத்தை உண்டாக்கிக்கொள்கிறது. சுவர்கள் சரிவதும், கூரைகள் பறப்பதும் இதனாலேயே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஆறுகளில் நீராவிப் படகுகள் பெருகின. கூடவே வெடிப்புகளும் பெருகின. காரணம் என்ன என்பதில் மக்கள் ஒத்த கருத்துடையவராக இல்லை. தெய்வச் செயல் என்றனர் சிலர். பழுத்த இரும்பில் நீர் பட்டு, ஹைட்ரஜன் வாயுவாகப் பிரிந்து வெடிக்கிறது என்றனர் வேறு சிலர். அழுத்தம் மெல்ல மெல்ல ஏறினால் தகடு வெறுமனே கிழியுமேயன்றி வெடிக்காது என்று பலரும் நம்பினர்.

1824-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் தொழில் வல்லுநர்களுக்கென்று பிராங்க்ளின் நிலையம் தோன்றியிருந்தது. 1830-இல் அந்நிலையத்தார் இந்தப் புதிரை ஆராய ஒரு குழு அமைத்தனர். அதன் தலைவர் அலெக்சாண்டர் டல்லஸ் பேச் என்பவர். பெஞ்சமின் பிராங்க்ளினின் கொள்ளுப்பேரன். அப்போது அவருக்கு வயது 24-தான். உங்களில் பலரைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்!

குழுவினர் முதலில் செய்த செயல் கேள்விகளை அச்சிட்டு, வெடிப்புகளைப் பற்றி அறிந்தோருக்கு அனுப்பியதேயாகும். வந்த விடைகளைத் தம் சஞ்சிகையில் எல்லோரும் காண வெளியிட்டனர். பின்னர்ச் சோதனையில் இறங்கினர். இதற்கு அமெரிக்க அரசாங்கம் பொருள் உதவியது; அறிவியல் ஆராய்ச்சிக்கு அந்நாட்டு மத்திய அரசு அளித்த முதல் நன்கொடை இதுவே என்பர். கண்ணாடிச் சாளரம் பதித்த சிறு கொதிகலனைச் செய்து, உள்ளே நடப்பதைக் கண்ணாரக் கண்டனர். காய்ந்து சிவந்த இரும்பின்மேல் நீரைப் பாய்ச்சினர். ஹைட்ரஜன் கதை பொய்த்தது. அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றியே கொதிகலன்களை வெடிக்கவைத்தும் காட்டினர். மெல்ல ஏறும் அழுத்தமும் பேராபத்தை விளைவிக்கும் என்பது ஐயமறத் தெரிந்தது. 1836-இல் இவர்களின் அறிக்கை வெளிவந்தது. அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கசிவைக் கண்ட நாள் அதுதான்.

உலையை எப்போது அணைத்தார்கள்? 1838-இல் ஒரு சட்டம் வந்தது. சோதனை செய்ய வேண்டும் என்று அது கூறிற்று. எதை, எவ்வாறு சோதிப்பது என்று தெளிவாகக் கூறவில்லை. 1852-இல் வலிமையான சட்டம் வந்தது. கொதிகலனை நீரழுத்தத்தால் சோதித்தல், அழுத்தத்துக்கு எல்லை வகுத்தல், இயக்குவோருக்கு உரிமம் வழங்குதல் என்பன இடம்பெற்றன. ஆனால் அது பயணிகளை ஏற்றும் நீராவிக் கலங்களுக்கே பொருந்தியது. ஆலைகளிலிருந்த கொதிகலன்களைத் தீண்டவில்லை.

இனி ஹார்ட்போர்டு என்ற ஊருக்குச் செல்வோம். அது கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள தொழில் நகரம். 1857-ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பட்டறைகளையும் ஆலைகளையும் சேர்ந்த சிலர், பாலிடெக்னிக் கழகம் என்ற பெயரில் கூடலாயினர். பின்னர் எந்திரத் தொழிலில் பெரும்பெயர் பெற்ற பிரான்சிஸ் பிராட், அமாஸ் விட்னி இருவரும் அதில் இருந்தனர். நான் கண்ட மாடி அறையைப் போன்றதே அவர்கள் கூட்டமும் என்று எண்ணிப் பார்ப்பேன். புதிய அறிவியல் செய்திகளைப் பேசினர். பேச்சு அடிக்கடி கொதிகலனை நோக்கித் திரும்பியது. வெடிப்பு விதியின் விளையாட்டன்று. நல்ல பொருளும், சரியான அமைப்பும், ஒழுங்கான சோதனையும் இருந்தால் தடுக்கத்தக்கதே என்ற முடிவுக்கு வந்தனர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தார் 1854-ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு சங்கம் கண்டிருந்ததும் அவர்களுக்கு முன்மாதிரியாயிற்று. ஆனால் உள்நாட்டுப் போர் மூண்டது. எண்ணம் ஏட்டளவில் நின்றது.

போர் ஓய்ந்த வேளையில், 1865 ஏப்ரல் 27-ஆம் நாள் பின்னிரவில், மிசிசிப்பி ஆற்றில் மெம்பிஸ் நகரை அடுத்து ‘சுல்தானா’ என்ற கலம் வெடித்தது. 376 பேரை ஏற்றத்தக்க அக்கலத்தில் 2,100-க்கு மேற்பட்டோர் இருந்தனர். பெரும்பாலோர் சிறையினின்று விடுபட்டு வீடு திரும்பிய போர்வீரர்கள். இறந்தவர் தொகை 1,100-க்கும் மேல். விக்ஸ்பர்க் துறையில் கொதிகலனின் பழுது தெரிந்தே இருந்தது. காலம் போதாது என்று முழுதும் மாற்றாமல், மெல்லிய தகட்டால் ஒட்டுப்போட்டு அனுப்பினர். சட்டம் இருந்தது, அறிவும் இருந்தது, ‘நிறுத்து’ என்று சொல்லும் ஒருவர் இல்லை.

அடுத்த ஆண்டு, 1866-இல், ஹார்ட்போர்டு நண்பர்களின் எண்ணம் ஒரு நிறுவனமாக உருப்பெற்றது. அது கொதிகலனுக்குக் காப்பீடு வழங்கும். ஆனால் தன் ஆட்களைக் கொண்டு சோதித்த பின்னரே வழங்கும். வெடித்தால் தான் பணம் கொடுக்க வேண்டியிருப்பதால், வெடிக்காமல் காப்பதில் நிறுவனத்துக்கே அக்கறை பிறந்தது. பாலிடெக்னிக் கழகத்தின் உறுப்பினராயிருந்த ஜெரமையா ஆலன் மறு ஆண்டிலேயே அதன் தலைவரானார். ‘நிறுத்து’ என்று சொல்லும் ஆளை இவ்வாறு தேடிக்கொண்டனர்.

ஆயினும் காப்பீடு செய்வது ஆலைக்காரரின் விருப்பம். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. பல மாநிலங்களில் விதியே இல்லை. 1880-இல் அமெரிக்க இயந்திரப் பொறிஞர் சங்கம் தோன்றிற்று. 1905 மார்ச் 20-ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் ஊரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து, கட்டடம் சரிந்து, தீப்பற்றி 58 பேர் மாண்டனர். 1907-இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. 1911-இல் பொறிஞர் சங்கம், நாடு முழுமைக்கும் பொருந்தும் விதிகளை வகுக்க ஒரு குழுவை அமைத்தது. குழுவினர் வரைவை மறைத்து வைக்கவில்லை. கொதிகலன் செய்வோர், வாங்குவோர், சோதிப்போர் ஆகிய எல்லோருடைய மறுப்பையும் கேட்டுத் திருத்தினர். 1914-ஆம் ஆண்டுப் பதிப்பாக அந்த விதித்தொகுப்பு உருவாகி, மறு ஆண்டு வெளிவந்தது. திருத்தங்களோடு அது இன்றும் வழங்குகிறது.

1836-க்கும் 1914-க்கும் இடையே 78 ஆண்டுகள். என் மாடி அறைப் பெரியவர் சொன்ன பதினொன்றைப் போன்றதே இந்த எண்ணும்.

நம் நாட்டுக் கதையும் இதற்கு விலக்கன்று. 1863-இல் கல்கத்தாவில் கொதிகலன் ஒன்று வெடித்துப் பலர் மடிந்த பின்னரே, மறு ஆண்டு வங்காளத்தில் அதற்கெனச் சட்டம் பிறந்தது. மாகாணத்துக்கு மாகாணம் வேறாயிருந்த விதிகளை ஒன்றாக்கி, இந்தியக் கொதிகலன் சட்டம் 1923-இல் வந்தது. 2025-இல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்தது. சட்டங்கள் வந்துவிட்டமையால் ஆபத்து அகன்றது என்று எண்ண வேண்டா. 2020 ஜூலை 1-ஆம் நாள் நெய்வேலி அனல்மின் நிலையத்துக் கொதிகலன் விபத்தில் தொழிலாளர் பலர் உயிர் துறந்தனர்.

நண்பர்களே, இவ்வளவையும் எண்ணிப் பார்க்கும்போது, அந்த மாடி அறைக் கூட்டத்தை நான் அற்பமாக நினைத்தது எவ்வளவு பேதைமை என்று தோன்றுகிறது. பிலடெல்பியாவிலும் ஹார்ட்போர்டிலும் நடந்தது வேறொன்றுமன்று. சிலர் கூடினர், பழுதுற்றதைப் பலர்முன் வைத்தனர், கேள்வி கேட்டனர், விடையை ஏட்டில் எழுதினர். தன் பட்டறைக்குள் ஒருவர் ஒளித்து வைக்கும் பிழை அவருக்கு மட்டுமே பாடம். மேசைமேல் வைத்த பிழை ஊருக்கெல்லாம் பாடம். ஆனால் பேச்சோடு நின்றுவிட்டால் நாள் கணக்கு ஏறிக்கொண்டே போகும் என்பதையும் அந்த 78 ஆண்டுகள் நமக்கு உணர்த்துகின்றன.

அன்றிரவு கூட்டம் கலைந்தபோது, முதியவர் அத்தகட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார். கேள்வி கேட்ட இளைஞரின் தோளில் கைவைத்து, “தம்பி, உங்கள் ஆலைக் கொதிகலனை எப்போது கடைசியாகத் திறந்து பார்த்தீர்கள்?” என்று கேட்டார். இளைஞர் உடனே விடை கூறவில்லை. மறுநாள் காலை அவர் முதலில் செய்த வேலை என்னவாக இருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.