மீட்பு நிதியும் போனஸ் உரிமையும்: ஏஐஜி நிகழ்வை முன்வைத்து

2009 மார்ச் மாத நடுவில் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமான ஏஐஜி, தன் நிதிப் பொருள்கள் பிரிவின் ஊழியர்களுக்கு ஏறத்தாழ 16.5 கோடி டாலர் போனஸ் வழங்கியது. 2008இன் கடைசிக் காலாண்டில் மட்டும் 6,170 கோடி டாலர் நட்டம் என்று அதே நிறுவனம் அறிவித்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அதன் 79.9 விழுக்காடு பங்குரிமை அமெரிக்கக் கருவூலத்துக்குரியதாகிவிட்டிருந்தது. அதைத் தாங்கிப் பிடிக்க ஒதுக்கப்பட்ட பொதுப்பணம் 18,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. ஏஐஜி வங்கி அல்ல என்பது உண்மைதான். ஆனால் வங்கிகள் வைத்திருந்த கடன்பத்திரங்களுக்கு ஈட்டுறுதி விற்ற அந்தப் பிரிவின் தொழிலும் ஊதியமுறையும் முதலீட்டு வங்கிகளுக்குரியவையே. வரிப்பணத்தால் காப்பாற்றப்பட்ட நிதி நிறுவனத்தில் போனஸுக்கு உரிமை உண்டா என்ற விவாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

போனஸை ஆதரித்தோரின் முதல் வாதம் ஒப்பந்தம். இந்தப் போனஸ் 2008இன் தொடக்கத்திலேயே, மீட்புக்குப் பல மாதங்கள் முன்பே, எழுத்தில் உறுதி செய்யப்பட்டது. கொடுக்க மறுத்தால் கனெக்டிகட் மாநில ஊதியச் சட்டத்தின்படி இருமடங்கு இழப்பீடு கொடுக்க நேரும் என்று நிறுவனம் வாதிட்டது. அந்த ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஊழியர்களில் பெரும்பாலோருக்கு 2007இல் கிடைத்த தொகை அப்படியே அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் கிடைக்கும் என்பதே அதன் சாரம். மேல்மட்டத்தினருக்கு மட்டும் அதில் 75 விழுக்காடு. அடமானக் கடன் சந்தை சரியத் தொடங்கிய பிறகு எழுதப்பட்ட வாக்குறுதி இது. லாபம் வந்தால் பங்கு, நட்டம் வந்தால் இல்லை என்பதுதான் போனஸின் நியாயம் என்றால், அந்த நியாயத்தை இந்த ஒப்பந்தமே முன்கூட்டி அறுத்துவிட்டிருந்தது.

ஆயினும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே என்ற கேள்வி எஞ்சும். அதை எதிர்கொள்ள, மீட்பு வராமல் போயிருந்தால் அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு என்ன என்று கேட்க வேண்டும். 2008 செப்டம்பர் 16 அன்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 8,500 கோடி டாலர் கடன் தர முன்வந்திராவிட்டால் ஏஐஜி திவால் மனு போட்டிருக்கும். அமெரிக்கத் திவால் சட்டம் ஊழியரைக் கைவிடுவதில்லை. மனுவுக்கு முந்தைய 180 நாட்களில் ஈட்டிய ஊதியத்துக்கு அது முன்னுரிமை தருகிறது. ஆனால் 2008இல் அதற்கு ஆளுக்கு 10,950 டாலர் என்ற உச்சவரம்பு இருந்தது. அதற்கு மேற்பட்ட பாக்கிக்காக ஊழியரும் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். டாலருக்கு எத்தனை சென்ட் தேறுகிறதோ அதுதான் கிடைக்கும். நிறுவனத்தின் உள்வட்டத்தினரைத் தக்கவைப்பதற்கான சிறப்புத் தொகைகளுக்கோ 2005ஆம் ஆண்டுத் திருத்தம் கடும் கட்டுப்பாடு விதித்திருந்தது.

ஏஐஜி வழங்கிய போனஸில் தனியொருவர் பெற்ற மிகப்பெரிய தொகை 64 லட்சம் டாலருக்கும் மேல். திவால் நீதிமன்றத்தில் ஏறத்தாழ மதிப்பிழந்திருக்கக்கூடிய ஒரு காகிதம் முழுத்தொகைக்குச் செல்லுபடியானது வரிப்பணத்தால்தான். வரி செலுத்துவோர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. எனவே போனஸ் உரிமை, திவாலில் தேறியிருக்கக்கூடிய அளவைத் தாண்டக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. இந்த அளவுகோல் கிளைக் காசாளரையோ எழுத்தரையோ தொடுவதில்லை. அவர்களுக்குச் சேர வேண்டியது பெரும்பாலும் முன்னுரிமை வரம்புக்குள் அடங்கிவிடும். நட்ட ஆண்டிலும் 8.33 விழுக்காடு போனஸை உறுதிசெய்த இந்தியாவின் 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டமும் அந்த உரிமையை ஓர் ஊதிய வரம்புக்கு உட்பட்டவர்களுக்கே அளித்தது. எளிய ஊழியரின் போனஸ் ஊதியத்தின் பகுதி. லட்சக்கணக்கான டாலரையும் அதே பெயரைச் சொல்லிக் காப்பது நேர்மையன்று.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. நாசத்தை விளைவித்தவர்கள் வெளியேறிவிட்டார்கள், மிச்சத்தைச் சுத்தம் செய்ய நின்றவர்களைத் தண்டிப்பதா என்பது அது. அந்தப் பிரிவின் உயர் அலுவலர் ஒருவர் 2009 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸில் வெளியிட்ட விலகல் கடிதம் இதையே கேட்டது. கடன் ஈட்டுறுதி வணிகத்தோடு தமக்குத் தொடர்பில்லை, ஆண்டுக்கு ஒரு டாலர் சம்பளத்தில் வாக்குறுதியை நம்பி உழைத்தோம் என்றார் அவர். இதில் உண்மை இருக்கிறது. அப்போதும் 1.6 லட்சம் கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தங்கள் அந்தப் பிரிவின் கணக்கில் கிடந்தன. அவற்றைப் பிரித்து முடிக்கத் தேர்ந்தவர்கள் தேவைப்பட்டார்கள். ஆனால் இந்த வாதம் நியாயப்படுத்துவது மீட்புக்குப் பிந்தைய உழைப்புக்கான கூலியை மட்டுமே. அந்தக் கூலியைப் புதிய உரிமையாளரான அரசு புதிதாகப் பேசி நிர்ணயித்திருக்க வேண்டும். அப்படி நடக்காததன் விளைவை நியூயார்க் மாநிலத் தலைமை வழக்குரைஞர் ஆண்ட்ரூ குவோமோவின் கணக்கு காட்டியது: பத்து லட்சம் டாலரோ அதற்கு மேலோ பெற்ற 73 பேரில் 11 பேர் அப்போது நிறுவனத்திலேயே இல்லை. அவர்களில் ஒருவர் பெற்றது 46 லட்சம் டாலர். தக்கவைப்புத் தொகை என்றுதான் அதற்குப் பெயர்.

அதே மீட்பு நிதியிலிருந்து 2008 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கிரைஸ்லருக்கும் கடன் அளித்தபோது அரசு வேறுவிதமாக நடந்தது. தொழிலாளர் ஊதியத்தை அமெரிக்காவில் இயங்கும் அயல்நாட்டுக் கார் ஆலைகளின் அளவுக்குக் கொண்டுவரும் இலக்கு கடன் நிபந்தனையிலேயே இடம்பெற்றது. ஓய்வுபெற்றோர் மருத்துவ நிதிக்குச் சேர வேண்டிய பணத்தில் பாதியைப் பங்குகளாக ஏற்கவும் கோரப்பட்டது. தொழிற்சங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத் திறக்க முடிந்தது. வணிகரின் ஒப்பந்தத்தை மட்டும் தொட முடியாது என்றார்கள். ஏஐஜியோடு வணிகம் செய்தவர்களுக்கும் இந்தச் சலுகை கிடைத்தது. ஈட்டுறுதியின் மறுபக்கம் நின்ற கோல்ட்மன் சாக்ஸுக்கு 1,290 கோடி டாலர் சென்றது. அந்த ஈட்டுறுதிகளைத் தீர்த்தபோது பேரம் பேசித் தள்ளுபடி பெறப்படவே இல்லை. அதோடு ஒப்பிட்டால் போனஸ் சிறு தொகைதான். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றே: பணம் கைமாறிய நாளில் இவை குறித்து அரசு நிபந்தனை விதிக்கவில்லை.

2012இல் அரசு 2,270 கோடி டாலர் லாபத்தோடு ஏஐஜியிலிருந்து வெளியேறியதைக் காட்டி, யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த லாபம் இடரை ஏற்ற பொதுமக்களுடையது. 2009இல் வழங்கிய போனஸை அது நியாயமாக்காது.

காலம் கடந்தபின் தேடிய பரிகாரமும் பிழையானது. 2009 மார்ச் 19 அன்று பிரதிநிதிகள் சபை 328க்கு 93 என்ற கணக்கில் அந்தப் போனஸ்மீது 90 விழுக்காடு வரி விதிக்கும் மசோதாவை நிறைவேற்றியது. செனட்டில் அது முடங்கியது. கொடுத்ததை வரியால் பிடுங்கும் சட்டம் சினத்தில் பிறந்தது. அதை நான் ஏற்கவில்லை. பிப்ரவரியில் இயற்றிய ஊக்குவிப்புச் சட்டத்தின் போனஸ் கட்டுப்பாட்டிலிருந்து பழைய ஒப்பந்தங்களுக்கு விலக்கு அளித்ததும் அதே நாடாளுமன்றம்தான்.

2023இல் சுவிட்சர்லாந்து காலம் தவறவில்லை. கிரெடிட் சுவிஸ் வீழ்ந்த சில வாரங்களுக்குள், நிலுவைப் போனஸை நிர்வாகக் குழுவுக்கு முழுமையாகவும், அடுத்த மட்டத்துக்குப் பாதியாகவும், அதற்கடுத்த மட்டத்துக்குக் கால்பங்காகவும் வெட்ட அரசு ஆணையிட்டது. பொறுப்புக்கு ஏற்ற இந்தப் படிநிலை பாராட்டத்தக்கது. ஆயினும் அந்த வெட்டுக்குப் போதிய சட்ட அடிப்படை இல்லை என்று கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. ஆகவே வெட்டும் அதிகாரம் மீட்பு இரவில் பிறக்கும் ஆணையில் அன்றி, அமைதிக் காலத்தில் இயற்றிய வங்கித் தீர்வுச் சட்டத்திலேயே இருக்க வேண்டும். ஊதிய முன்னுரிமைக்கான உச்சவரம்பைத் தொகையாகவே அது குறிப்பிட வேண்டும். மீட்புப் பணம் வரும் நாளிலேயே வரம்புக்கு மேற்பட்ட எல்லா வாக்குறுதிகளும் தாமாக நின்றுபோக வேண்டும். தேவைப்படும் ஊழியருக்கு அரசே தன் கையெழுத்தில் புதிய பணியாணை தரட்டும்.