அந்த நீல டிரம்மில் என்ன இருந்தது? சாயக்கழிவு நீரை அளக்கும் சட்டம், ரசாயனத்தை ஏன் கேட்பதில்லை? முழு விளக்கம்

சோமனூர், கருமத்தம்பட்டி, திருப்பூர் பக்கம் எந்தத் தெருவுக்குள் போனாலும் ஒன்றைப் பார்க்கலாம். வாசலில் நீல நிற பிளாஸ்டிக் டிரம். தண்ணீர் பிடித்து வைக்க, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட, கட்டட வேலைக்கு என எல்லாவற்றுக்கும் அதுதான். பழைய டிரம், விலையும் குறைவு. ஆனால் அது வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அதில் என்ன இருந்தது?

பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. லேபிள் கிழிந்திருக்கும். இத்தனைக்கும், ஆபத்தான ரசாயனம் ஒட்டியிருக்கும் காலி டிரம்மே 'அபாயகரமான கழிவு' என்கின்றன மத்திய அரசின் 2016-ம் ஆண்டு விதிகள். சட்டம் ஒரு பக்கம் இருக்கிறது, டிரம் நம் வாசலில் இருக்கிறது. நம் ஊரில் ரசாயனக் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடைக்காது.

ஒரு துணி எத்தனை ரசாயனத்தைப் பார்க்கிறது?

சோமனூர் என்றால் விசைத்தறி. நூல் தறியில் ஏறும் முன் பாவுக்குப் பசை போட வேண்டும். அதுதான் சைசிங். தறியில் இருந்து இறங்கும் காடா துணி சாயமேற வெளியூருக்குப் போகும். அங்கே முதல் வேலை, நாம் இங்கே போட்ட பசையைக் கழுவி எடுப்பது. பிறகு காஸ்டிக் சோடா, வெளுக்க பெராக்சைடு, சாயம், சாயம் ஏற கிலோ கிலோவாக உப்பு, கடைசியில் சாஃப்ட்னர். திருப்பூர் பனியன் துணிக்கும் ஏறக்குறைய இதே வழிதான், அதில் பாவுப் பசை மட்டும் கிடையாது.

துணியில் தங்காதது எல்லாம் தண்ணீரோடு வெளியேறும். அந்தத் தண்ணீர் எங்கே போனது என்பதுதான் நொய்யலின் கதை.

நொய்யலுக்கு என்ன ஆனது?

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாக காவிரியில் சேரும் ஆறு இது. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி, 1992 வாக்கில் பயன்பாட்டுக்கு வந்தது. சில வருடங்களிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. கிணறுகள் உப்பானது, பயிர் கருகியது. 'எங்களுக்கு அணைத் தண்ணீரே வேண்டாம்' என்று பாசன விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது.

முக்கியமான திருப்பங்கள் இவை:

* 1996: வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில், 'மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும்' என்பது இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்றது உச்ச நீதிமன்றம்.
* 2003: நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்பு சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு.
* 2006: வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டர் கழிவுநீருக்கும் பைசா கணக்கில் அபராதம் விதித்தது உயர் நீதிமன்றம்.
* 2009: அந்தத் தீர்ப்பின் வழியையே உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.
* ஜனவரி 28, 2011: உத்தரவுகள் மதிக்கப்படவில்லை என்பதால், திருப்பூரின் சாய, சலவை ஆலைகள், பொது சுத்திகரிப்பு நிலையங்கள் எல்லாவற்றையும் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம்.

700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடின. வேலை போனவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். சட்டம் நேரத்துக்கு வேலை செய்யாவிட்டால், கடைசியில் விலை கொடுப்பது விவசாயியும் தொழிலாளியும்தான் என்பது அன்று இரண்டு தரப்புக்கும் தெரிந்தது.

அதன்பிறகுதான் 'ஜீரோ டிஸ்சார்ஜ்', அதாவது ஒரு சொட்டுக் கழிவுநீரைக்கூட வெளியே விடாத முறை உண்மையில் நடைமுறைக்கு வந்தது. கழிவுநீரை வடிகட்டி, ஆர்.ஓ.வில் விட்டு, மிச்சத்தைக் கொதிக்க வைத்து, உப்பைப் பிரித்து, தண்ணீரை மறுபடியும் சாயமேற்றவே பயன்படுத்துகிறார்கள். இவ்வளவு பெரிய அளவில் இதைச் செய்து காட்டியது திருப்பூரின் சாதனைதான், மறுக்க முடியாது.

சரி, அப்போ பிரச்னை முடிந்ததா?

இல்லை. ஏன் என்றால் நம் சட்டம் குழாயின் கடைசி முனையில்தான் நிற்கிறது. தண்ணீர் வெளியே வரும்போது அளக்கிறது. உள்ளே என்ன போகிறது என்று கேட்பதில்லை. நான்கு ஓட்டைகள் இருக்கின்றன.

1. பெயர் இல்லாத ரசாயனங்கள்

ஜவுளிக் கழிவுநீருக்கான மத்திய அரசின் அளவுகோல் 2016-ல் திருத்தப்பட்டது. கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள், பி.ஓ.டி. 30-க்குள், சி.ஓ.டி. 250-க்குள் என்று அது சொல்கிறது. குரோமியம், சல்பைடு, பீனால் ஆகியவற்றுக்கும் வரம்பு உண்டு.

ஆனால் சி.ஓ.டி. என்பது மொத்தக் கணக்கு. தண்ணீரில் இருக்கும் பொருட்களைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்றுதான் அது சொல்லும். அந்தப் பொருள் ஸ்டார்ச்சா, புற்றுநோய் தரும் ரசாயனமா என்று சொல்லாது. துணி கழுவும் சில திரவங்களில் இருக்கும் 'நோனைல்பீனால் எத்தாக்சிலேட்' தண்ணீரில் சிதைந்து ஹார்மோனைக் குழப்பும் பொருளாக மாறும். துவைத்து உடுத்தும் துணிகளில் அது 0.01 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று 2021 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. நம் 2016 பட்டியலில் அந்தப் பெயரே கிடையாது.

2. எது புழக்கத்தில் இருக்கிறது என்ற கணக்கே இல்லை

1984 போபால் விபத்துக்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1989-ல் அபாயகரமான ரசாயன விதிகள் வந்தன. இவற்றின் கவலை பெரும்பாலும் தீ, வெடிப்பு, கசிவு போன்ற விபத்து பற்றியது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேரும் விஷம் பற்றியது அல்ல.

ஐரோப்பாவில் 2007 முதல் 'ரீச்' சட்டம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் தயாரித்தாலோ இறக்குமதி செய்தாலோ, பாதுகாப்புத் தகவலோடு பதிவு செய்ய வேண்டும். 'தகவல் இல்லையா, விற்பனையும் இல்லை' என்பதுதான் அதன் அடிப்படை. இந்தியாவில் இதேபோன்ற விதிகளுக்கு 2020-ல் வரைவு வந்தது. வரைவு இன்னும் விதியாகவில்லை.

3. ஆபத்து என்று யார் நிரூபிக்க வேண்டும்?

அமெரிக்கா இதில் ஒரு பாடம். 1976-ல் அங்கே நச்சுப் பொருள் சட்டம் வந்தபோது, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த சுமார் 62,000 ரசாயனங்கள் சோதனை இல்லாமலே அனுமதிக்கப்பட்டன. ஆபத்தை நிரூபிப்பது அரசின் வேலையானது. ஆஸ்பெஸ்டாசுக்கு 1989-ல் போட்ட தடையின் பெரும்பகுதியை, 1991-ல் நீதிமன்றமே ரத்து செய்தது. 40 வருடம் கழித்து 2016-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

4. அபராதத்தின் கனம்

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் முன்பு 5 ஆண்டு வரை சிறை உண்டு. 2023-ல் கொண்டுவந்த 'ஜன் விஸ்வாஸ்' திருத்தத்தால் அது போய், 10 ஆயிரம் ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஆனது. வழக்கு இழுக்காமல் வேகமாகத் தண்டிக்கலாம் என்கிறது அரசு. பெரிய ஆலைக்கு 15 லட்சம் ஒரு செலவுக் கணக்குதானே என்பது எதிர்க்கேள்வி. நொய்யல் வழக்கில் விவசாயிகளுக்குக் கணக்கிட்ட இழப்பீடு மட்டும் சுமார் 25 கோடி ரூபாய்.

தடை போட்டால் தொழில் அழிந்துவிடுமா?

அழியவில்லை என்பதற்கு நம் ஊரே சாட்சி. பாவுப் பசையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு காலத்தில் பென்டாகுளோரோபீனால் கலப்பார்கள். 1989-ல் ஜெர்மனி அதைத் தடை செய்தது. அடுத்து, புற்றுநோய் அபாயமுள்ள சில அசோ சாயங்களையும் 1990-களில் தடுத்தது. இந்தியாவும் 1990, 1997 அறிவிப்புகளில் மொத்தம் 112 சாயங்களைக் கையாளத் தடை போட்டது. பசையும் மாறியது, சாயமும் மாறியது. ஏற்றுமதி நிற்கவில்லை.

ஆக, மாற்று இருக்கிறது. துணியை வாங்கும் வெளிநாட்டுக்காரர் கேட்டால் நாம் மாறுகிறோம். அதே கேள்வியை நொய்யல் கரையில் இருப்பவர் கேட்டாலும் மாற வேண்டும் என்பதுதான் சீர்திருத்தம்.

என்ன மாற வேண்டும்?

* புழக்கத்தில் உள்ள ரசாயனங்களின் தேசியப் பதிவேடு.
* பாதுகாப்பானது என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்பவருக்கு.
* கழிவுநீர்ச் சோதனையில் ஆபத்தான ரசாயனங்கள் பெயர் சொல்லி இடம்பெறுவது.
* டிரம் லேபிளும் பாதுகாப்புத் தகவல் தாளும் தமிழில், வடமாநிலத் தொழிலாளர்களுக்காக இந்தியிலும்.
* சிறு பட்டறைகள் மாற்று ரசாயனத்துக்குப் போகக் கடனுதவி. இது இல்லாமல் சட்டம் மட்டும் போட்டால், அடி விழுவது சின்ன ஆட்களுக்குத்தான்.

நாம் இப்போதே என்ன செய்யலாம்?

* லேபிளில் மனித உருவமும் அதன் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போன்ற படமும் இருந்தால், புற்றுநோய் உள்ளிட்ட நீண்டகால பாதிப்பு வரலாம் என்று அர்த்தம். மண்டை ஓடு இருந்தால் உடனடி விஷம்.
* ரசாயன டிரம்மை எவ்வளவு கழுவினாலும் தண்ணீர் பிடிக்காதீர்கள். லேபிள் இல்லாத பழைய டிரம் வேண்டவே வேண்டாம்.
* கழிவுத் தொட்டிக்குள் யாரும் இறங்க வேண்டாம். உள்ளே மயங்கியவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்கி, அவரும் சாவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல.
* புகார் தருவது மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளரிடம். சோமனூர் கோவை மாவட்டம், பக்கத்திலேயே இருக்கும் சாமளாபுரம் திருப்பூர் மாவட்டம். கழிவு எங்கே கலக்கிறது என்று பார்த்து அந்த அலுவலகத்துக்குக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டுக்கும் கொடுங்கள். தேதி, நேரம், போட்டோ முக்கியம்.
* தீர்வு கிடைக்கவில்லை என்றால் சென்னையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. பிரச்னை எழுந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். இழப்பீடு கேட்க 5 ஆண்டு வரை அவகாசம்.

நொய்யல் வழக்கைத் தொடங்கியது அதிகாரிகள் அல்ல, பாசன விவசாயிகள். அவர்கள் கேட்டது 'இந்தத் தண்ணீரில் என்ன கலந்தது' என்று. நாம் அதற்கு ஒரு படி முன்னால் போய், 'அந்த டிரம்மில் என்ன இருக்கிறது' என்று கேட்க வேண்டும்.