உள்ளாட்சிக் குழந்தைகள் நலப் பணிகள் ஆய்வு (இங்கிலாந்து)

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்கள் நடத்தும் குழந்தைகள் நலப் பணிகளை ஆஃப்ஸ்டெட் என்னும் அரசு ஆய்வு அமைப்பு மதிப்பிடுகிறது. லண்டனில் 2000ஆம் ஆண்டு உறவினரின் கொடுமையால் விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுச் சிறுமி இறந்தாள். பல அலுவலகங்கள் அவளை அறிந்திருந்தும் எதுவும் காப்பாற்றவில்லை. அவளது மரணம் குறித்த விசாரணையைத் தொடர்ந்து 2004இல் குழந்தைகள் சட்டம் வந்தது. 2007 முதல் இந்தப் பணிகளை ஆய்வு செய்யும் பொறுப்பு ஆஃப்ஸ்டெட் வசம் உள்ளது.

2018 ஜனவரியில் தொடங்கிய நடைமுறையில் முழு ஆய்வு, குறு ஆய்வு, ஓரிரு துறைகளை மட்டும் பார்க்கும் குவிமைய வருகை என வகைகள் உண்டு. ஆய்வாளர்கள் சமூகப் பணியாளருக்குப் பக்கத்தில் அமர்ந்து, ஒரு குழந்தையின் கோப்பைத் திரையில் திறந்து கேள்வி கேட்கிறார்கள்: அந்த வீட்டுக்குக் கடைசியாக எப்போது போனீர்கள், குழந்தையிடம் தனியாகப் பேசினீர்களா, என்ன சொன்னது? இந்த ஆய்வின் உயிர்நாடி இதுதான். புள்ளிவிவர அட்டவணைகளால் இதை ஈடுசெய்ய முடியாது.

மிகச் சிறப்பு, நன்று, மேம்பாடு தேவை, போதாது என நான்கு தரங்கள். மன்றத்தின் பராமரிப்பிலிருந்து வெளியேறும் இளைஞர்களின் நிலை 2023 முதல் தனியாகத் தரமிடப்படுகிறது. வெகு காலம் முன்பே செய்திருக்க வேண்டியது. ‘போதாது’ எனத் தரம் பெற்ற மன்றத்தில் கண்காணிப்பு வருகைகள் தொடரும். அமைச்சர் ஆணையரை நியமிக்கலாம். டான்காஸ்டரில் 2014இல் நடந்ததுபோல், பணிகளைத் தனி அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதும் உண்டு.